மணிக்கா, நிமிடத்துக்கா?

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இஞ்சினியரம்மாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நடுக்கடலில் அந்த இரும்பு மேடையில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தின் நான்கு வரிகளிலிருந்து ஊகித்துக்கொண்டேன். அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரம் ஓடுகிறது, சாப்பாடு பரவாயில்லை, சளி விட்டது, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். என்னைக் கேட்டதாக அதில் இல்லை. அதற்கு முன்பு நான் எழுதியது மூன்றே வரி என்பதால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. வாஷரை மாற்றியது நான்தான். பிளம்பர் வந்தார் என்று உன் அம்மா எழுதினால் நம்பாதே.

இனியும் சுற்றி வளைக்க முடியவில்லை. உன் புத்தகத்தில் ஒரு பிழை வந்துவிட்டது. செய்தது நான்.

போன மாதம் எங்கள் பதிப்பகத்தில் மூன்று புதுப் புத்தகங்கள் வந்தன. பாலங்களின் அதிர்வு பற்றி ஒன்று, கணினி வலையமைப்புகளின் பாதுகாப்பு பற்றி ஒன்று, பாட்டரிகள் அடுக்கும் மின்கல அறைகள் பற்றிய உன் புத்தகம் ஒன்று. கடைசி நேரத்தில் தாளின் அளவு மாறியதால் எல்லாப் பக்கங்களையும் நான் கணினியில் மறுபடி அமைத்துக் கட்ட வேண்டியிருந்தது. நீ பார்த்துத் திருத்தி அனுப்பியது அதற்கு முந்தைய பிரதி. அதில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆறாம் அத்தியாயத்தில், மின்கல அறையிலிருந்து எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டும் என்று ஓர் அட்டவணை உண்டே, அதன் தலைப்பு வரி புது அளவில் அடங்கவில்லை. பக்கத்து அட்டவணையின் தலைப்பு கச்சிதமாக இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். உன் தலைப்பில் ‘நிமிடத்துக்கு’ என்று இருந்தது, அதில் ‘மணிக்கு’ என்று இருந்தது.

சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் பொய். உன்னைக் கேட்கலாம் என்று தோன்றியது. மேடைக்கு ரேடியோவில் ஒரு வரிச் செய்தி அனுப்பினால் பதில் வந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் இன்னொரு வருஷமும் அங்கேயே இருக்கப்போவதாக நீ எழுதியிருந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தவளை நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு. தலைப்பை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டரையும் கீழ்த்தள மின்கல அறையையும் பார்த்துக்கொள்கிறாரே, அந்த ஜெனரேட்டர்காரர்தான் உன் புத்தகத்தை முதலில் வாங்கியவர். போன திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வாயெல்லாம் பல்லாக வந்தார். “சார், வீட்டம்மா புத்தகம் பிரமாதம். நம்ம ரூமுக்கு மணிக்கு எட்டு கன மீட்டர் காத்து போதுமாம். என் பாத்ரூம் ஃபேனே அதைவிட அதிகமா இழுக்குமே! ரெண்டு பெரிய ஃபேன் எதுக்கு வீணா கத்திக்கிட்டு இருக்கு? நாளைக்கே கழட்டிடறேன்” என்றார்.

நிமிடத்துக்கு எட்டு என்று நீ போட்டது மணிக்கு எட்டாகியிருந்தது, தேவையில் அறுபதில் ஒரு பங்கு. மின்னேற்றும்போது மின்கலங்களிலிருந்து வாயு கிளம்பும், அது அறையில் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும் என்று நீ எழுதிய பக்கத்தையும் கட்டியது நான்தானே. கழட்டாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “புத்தகத்துலயே போட்டிருக்கு சார்” என்றார். அச்சில் வந்ததை ஒரு மனிதர் எவ்வளவு நம்புகிறார் என்று இருபது வருஷமாகப் பக்கம் கட்டும் எனக்கு அன்றுதான் உறைத்தது.

முதலாளியம்மாவிடம் ஓடினேன். பிழையைச் சொன்னேன். அவர் உடனே கிடங்கைப் பூட்டச் சொல்லிவிட்டு, “எழுதினவங்க தப்பா, நம்ம தப்பா?” என்று கேட்டார்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. நான், “பார்த்துச் சொல்றேன்” என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? அவராகவே, “கடல் நடுவுல உக்காந்து எழுதினா அப்படித்தான் ஆகும், பாவம்” என்று உனக்காகப் பரிதாபப்பட்டார். நான் மறுக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அப்படியே மூடி வைத்தேன்.

நான்கு மணிக்கு ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, புத்தகத்தில் ஒட்ட வேண்டிய திருத்தச் சீட்டை அச்சுக்குத் தயார் செய்யச் சொன்னார். ‘ஆசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்று தொடங்கியது. ‘ஆசிரியரின்’ என்று அடித்தேன். அடுத்த சொல்லுக்கு விரல் நகரவில்லை.

எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இதைச் சொல்ல உங்களுக்கு அஞ்சு மணி நேரமா?” என்றார். பிறகு பேனாவை எடுத்து ‘ஆசிரியரின்’ என்பதை அடித்துவிட்டு ‘எங்கள் பக்க அமைப்பில்’ என்று எழுதினார். “ஒவ்வொரு பிரதியிலயும் நீங்களே ஒட்டணும்” என்றார்.

ஆயிரத்து நானூற்று அறுபது பிரதிகள். மூன்று நாள் ஒட்டினேன். உன் அம்மா பசையும் கையுமாக வந்து உட்கார்ந்தார். என் பொண்ணு கணக்குல தப்புப் பண்ணவே மாட்டா என்று நூறு பிரதிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே ஒட்டினார். மாப்பிள்ளைக்கு வேறு தண்டனையே வேண்டாம். ஜெனரேட்டர்காரரும் வந்தார். ஃபேன்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஏற்கெனவே வெளியே போனவை நாற்பது. உனக்கு அனுப்பியது போக, எல்லாருடைய எண்ணையும் தேடி நானே ஃபோனில் பேசினேன். ஒரு ஆஸ்பத்திரியின் பராமரிப்பு அதிகாரி அட்டவணையைப் பார்த்துச் சின்ன ஃபேனுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். நல்லவேளை, சரக்கு வரவில்லை. நான் லைனில் இருக்கும்போதே ஆர்டரை மாற்றினார். திட்டுவார் என்று பார்த்தால், புத்தகம் போட்டுவிட்டுக் கூப்பிட்டுப் பேசும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், இரண்டாவது பாகம் எப்போது வரும் என்று கேட்கிறார்! நேற்றோடு எல்லாரிடமும் சொல்லி முடித்தாயிற்று.

உன் பிரதிக்கான சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அட்டையில் இருப்பது உன் பெயர். ஐந்து மணி நேரம் அதை நான் காப்பாற்றவில்லை. அதற்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நாலு வரியில் மட்டும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். கைப்பிடியைப் பிடிக்காமல் ஏணியில் இறங்காதே.

உன் பதிலுக்காகப் படகின் நாளை எண்ணும்,
உன் வீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை, மேடையிலிருந்து

என் அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் நேற்றைய படகில் வந்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை அந்த ஐந்து மணி நேரத்துக்காக அழுகை வந்தது. மூன்றாம் தடவை அம்மாவும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பசை தடவுவதை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய புத்தகக் கட்டு இரண்டு வாரமாக என் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. ஒரு வருஷம் உழைத்து எழுதியதை ஆசையாகப் பிரித்துப் பார்க்காதவள் இருப்பாளா? கட்டோடு ஒரு வரிகூட நீங்கள் எழுதி வைக்கவில்லை என்ற ஆத்திரம். பிரித்திருந்தால் ஆறாம் அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டியிருப்பேன். அன்றே ரேடியோவில் கத்தியிருப்பேன். அந்த ஆஸ்பத்திரிக்காரர் ஆர்டரே கொடுத்திருக்க மாட்டார். என் வீம்பும் உங்கள் வீம்பும் ஒரே தராசில் நிற்கும்.

நேற்று பிரித்தேன். பக்கங்கள் அழகாக இருக்கின்றன. சீட்டை ஒட்டிவிட்டேன், கொஞ்சம் கோணல். எங்கள் இயந்திரம் போன வாரம் முதல்முறையாக ஏழு நாள் நிற்காமல் ஓடியது. மேடை முழுக்க விளக்கு அதிலிருந்துதான் எரிந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே கை துறுதுறுத்தது, எழுதவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்காரரிடம் இரண்டாவது பாகம் இதைப் பற்றித்தான் என்று சொல்லுங்கள். பக்கம் கட்டப்போவது நீங்கள்தான் என்பதையும் முதலாளியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வருஷத்துக்கான படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் அது இன்னும் கரைக்குப் போகவில்லை. மேலதிகாரியிடம் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நான் இன்னும் ஒரு வருஷம் இங்கே இருக்கட்டுமா? இரு என்றாலும் சரி, வா என்றாலும் சரி, உங்கள் மனதில் இருப்பதைச் சுருக்காமல் எழுதுங்கள். அடுத்த படகைத் தவறவிடாதீர்கள்.

காத்திருக்கும்,
உங்கள் இஞ்சினியரம்மா