வெளியூர் என்று எழுதப்பட்ட உள்ளான்கள்

மார்ச் 3
சதுப்பிலிருந்து வந்த எண்களை இன்று முழுக்கத் தட்டச்சு செய்தேன். அங்கே வலை கட்டுபவரை நாங்கள் வளையக்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம். பிடிபடும் பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார். மூன்று வருஷமாக, ஏற்கெனவே வளையம் போட்டது சிக்கினால் அந்த எண்ணையும் அனுப்புகிறார். எக்செல்லில் இட்டால், சூத்திரம் பழைய பதிவில் தேடி, அது எத்தனை வருஷத்துக்கு முன் இங்கே வளையம் வாங்கியது என்று சொல்லும். பதிவில் இல்லையென்றால் "வெளியூர்" என்று வரும். அதாவது, வேறெங்கோ வளையம் போட்டது, வழியில் இறங்கியிருக்கிறது.

இன்று பெரும்பாலும் வெளியூர்தான்.

மார்ச் 5
சதுப்பில் மண் கொட்டிக் கிடங்கு கட்டலாமா என்று முடிவு செய்ய இருபதாம் தேதி குழு கூடுகிறதாம். எங்கள் அலுவலகத்தை நடத்தும் மேடம் சொன்னார். குழு கேட்பது ஒன்றுதான்: ஒரே பறவை வருஷக்கணக்காக இங்கேயே திரும்பி வருகிறதா? வருகிறதென்றால் தொடமாட்டார்கள். சும்மா இளைப்பாறிப் போகிற இடம்தான் என்றால், பறவைகள் வேறு சேறு பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் கோப்பில், மூன்று வருஷத்துக்கு மேல் பழைய வளையத்தோடு வந்த பறவை ஒன்றுகூட இல்லை.

வளையக்காரரிடம் சொன்னேன். வலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. அந்தக் கிடங்குலயே வாட்ச்மேன் வேலை கேட்டு வெக்கறேன். பழகின இடந்தானே."

சிரித்தார். எனக்கு வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
ஒன்றுகூட இல்லை — அது எப்படி? சாவு பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறைக்கும். இப்படிக் கத்தரியால் வெட்டியதுபோல் ஒரு வருஷத்தோடு நின்றுவிடுமா?

என்ன யோசனை என்று அண்ணி கேட்டாள். சொன்னேன். "பறவைக்கெல்லாம் நம்பரா? உங்கண்ணனுக்கு என் போன் நம்பரே மனப்பாடம் கிடையாது."

மார்ச் 9
சூத்திரத்தைத் திறந்து பார்த்தேன். தேடும் பகுதியைச் சுற்றி இஃப்எரர் என்று இன்னொன்று, போர்வை மாதிரி. எந்தப் பிழை வந்தாலும் "வெளியூர்" என்று எழுது என்பது அதன் கட்டளை. எந்தப் பிழை வந்தாலும்!

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவனைப் போனில் பிடித்தேன். "அதுவா? ஷீட் பூரா #N/A, #N/Aன்னு சிரங்கு மாதிரி இருந்துது. மேடம் முகம் சுளிச்சாங்க. மூடி விட்டேன்."

நன்றாகத்தான் மூடியிருக்கிறான்.

மார்ச் 10
போர்வையை உருவினேன். திரை முழுக்க #N/A, தேடியது கிடைக்கவில்லை என்று எக்செல் போடும் குறி.

ஒரு எண்ணை எடுத்தேன், 004172. பழைய பதிவில் வரிவரியாகத் தேடினேன். இருக்கிறது! அதே எண். இரண்டும் சமமா என்று எக்செல்லைக் கேட்டேன். இல்லை என்றது. அட பைத்தியமே, ரெண்டும் ஒண்ணுதானே!

தேநீர் ஆறிப்போன பிறகுதான் புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவுகளில் அது எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு வந்ததெல்லாம் எண்; முன்னால் தெரியும் பூஜ்ஜியங்கள் வெறும் ஒப்பனை. கண்ணுக்கு ஒரே முகம், கணினிக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆக, பழைய வளையம் எதுவுமே பொருந்தியிருக்காது.

இரண்டு பக்கத்தையும் எழுத்தாக்கிவிட்டுத் தேடும்படி மாற்றினேன். என்டர் தட்டக் கை வரவில்லை. தட்டினேன்.

வருஷங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஐந்து. எட்டு. மறுபடி எட்டு. 004172க்கு நேரே பதினான்கு.

உள்ளான். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை இருக்குமா? பூமியின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு, கடலும் மலையும் தாண்டி இந்தச் சேற்றுக்கு வருகிறது. இந்த வளையம் அதன் காலில் ஏறியபோது நான் ஏழாம் வகுப்பு. நான் பரீட்சை எழுதினேன், அப்பா போனார், வேலைக்கு வந்தேன். அது வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அதைத்தான் வெளியூர் என்று எழுதிவைத்திருந்தோம்.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி பார்க்க மனம் ஒப்பவில்லை.

மார்ச் 11
சில எண்கள் இன்னும் #N/Aதான். இதுக்காவது வெளியூர்னு போட்டா குழு முன்னாடி நீட்டா இருக்குமே என்றார் மேடம்.

"கிடைக்கலைன்னா கிடைக்கலை, அவ்ளோதான் மேடம். எங்கேருந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியாது."

பிடிவாதக்காரி என்றார், ஆனால் ஒத்துக்கொண்டார். தேடியது இல்லாதபோது மட்டும் "பதிவில் கிடைக்கவில்லை" என்று வரும். வேறு பிழை எது வந்தாலும் பிழையாகவே தெரியட்டும்.

மார்ச் 14
வளையக்காரரிடம் தாளைக் கொடுத்தேன். பதினான்கு வருஷ வரியில் அவர் விரல் நின்றது.

"நான் சேர்ந்த வருஷம்மா இது. அப்போ கத்துக்குட்டி. கால ஒடிச்சிடுவேனோன்னு மூச்சுகூட விடமாட்டேன்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும்தான். தூரத்தில் ஒரு கூட்டம் எழும்பி, திரும்பி, வெள்ளையாக மின்னி, இறங்கியது. இதில் எது, யார்?

மார்ச் 20
குழுவுக்கு மேடம் மட்டும் போனார். இன்னும் திரும்பவில்லை. என்ன முடிவாயிற்று என்று அண்ணி கேட்டதற்குத் தெரியாது என்றேன்.

மார்ச் 23
காலையில் வளையக்காரர் போன் செய்தார். சதுப்பில் அடுத்த பருவத்துக்கும் வலை கட்ட, வளையம் ஆர்டர் போட மேடம் சொன்னாராம்.

"புது வளையம் எப்பவும் போல போடும்மா. மாத்து வளையமும் கொஞ்சம் சேத்துக்க. பழசுங்களுக்குத் தேஞ்சிருக்கும்ல."

ஆர்டர் படிவத்தில் மாற்று வளையம் என்றொரு வரி உண்டு. இதுவரை யாரும் அதை நிரப்பியதில்லை. நிரப்பினேன்.