கடைசி வண்டி

2023 ஜூலை 11, செவ்வாய்

வண்டி இன்று வந்துவிட்டது. கறுப்பு மோட்டார் சைக்கிள், எண்ணூறு சிசி. முன்திர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர ஏறி உட்காரவில்லை. "கொஞ்சம் கனமா இருக்கும் போல இருக்கே, ராயா" என்றார். பின்னே, இறகிலா செய்வார்கள்?

நான்தான் வாங்கச் சொன்னேன். சொன்னேன் என்ன, மூன்று மாதம் அரித்தெடுத்தேன். ஒவ்வொரு கோடையிலும் அஸ்ஸான் அண்ணனும் தம்பி ஹிலாலும் கூட்டாளிகளோடு எங்கள் நிஸ்வாவிலிருந்து பாலைவனம் தாண்டி, அந்த மாதங்களில் தூறலும் பனியுமாக இருக்கும் ஸலாலாவுக்கு வண்டியில் போகிறார்கள். சாமான்களோடு பெண்கள் பின்னால் காரில். ஹிலாலின் மனைவி ஷம்ஸா கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்னால் பறக்கும் தன் புருஷனைப் படம் எடுப்பாள். என் புருஷன் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏசியைக் குறைக்கவா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். நகராட்சியில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவு. நாற்பது வயதில் அறுபதின் நடை. இந்த வருஷமாவது ஆம்பளையாக வரட்டும்.

ஜூலை 17, திங்கள்

வாசலிலேயே வண்டியை இரண்டு தரம் சாய்த்தார். அண்டை வீட்டார் பார்த்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 20, வியாழன். ஹைமா

பாதி வழி வந்தாகிவிட்டது. தங்கும் விடுதி அறையில் எழுதுகிறேன். வெளியே காற்று இல்லை, அனல்தான் இருக்கிறது.

காலையில் கிளம்பும்போதே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். முன்திரின் நம்பர் பலகையில் ஓர் ஆட்டு மணியைக் கட்டிவிட்டான். "மாப்ள, நீ எங்க இருக்கேன்னு எங்களுக்குத் தெரியணும்ல. கடைசியாவே வா. முன்னாடி வந்தா போலீஸ்காரன் எங்களையும் சேர்த்துப் பிடிப்பான், தூங்கிட்டு ஓட்டுறோம்னு." எல்லாரும் சிரித்தார்கள். முன்திரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிப்பதில்லை. திருப்பி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?

ஆதம் ஊர் தாண்டி பெட்ரோல் போட நின்றோம். முன்திர் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு மதிய லுஹர் தொழப் போனார். அண்ணன் பம்புக்காரன் காதில் ஏதோ சொன்னான், பம்புக்காரன் சிரித்தான். அவர் தொழுதுவிட்டு வந்ததும் அண்ணன், "உனக்கும் சேர்த்து ஃபுல் பண்ணியாச்சு மாப்ள, ஏறு" என்றான்.

நான் பார்த்தேன். அவர் வண்டியில் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

நாங்கள் ஹைமா வந்து குளித்து, சோறு தின்று, தூங்கி எழுந்தும் அவர் வரவில்லை. ஷம்ஸாதான், "யாராவது போய்ப் பாருங்களேன்" என்றாள். "வருவான். மணிச் சத்தம் கேக்கும்" என்றான் அண்ணன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்னால் பத்துப் பதினைந்து ஆடுகள். நடுவில் கயிறு போட்டுக் கட்டிய கறுப்பு வண்டி. அதைப் பிடித்துக்கொண்டு என் புருஷன். ஹிலால் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். கூட்டாளி ஒருவன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் உதடு வெடித்திருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். பிறகு, "ஆடுங்க நல்ல மரியாதை தெரிஞ்சதுங்க. உட்கார இடம் விட்டுச்சுங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

அறைக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "உனக்குத் தெரியுமா ராயா?"

"எது?"

"பெட்ரோல் போடலன்னு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் காருக்குள்ள இருந்தேன்."

தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். இந்த மனுஷன் ஒரு தரமாவது கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 21, வெள்ளி

அண்ணன் ஆஸ்பத்திரியில். ரப்பே. ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 22, சனி. ஸலாலா

எழுதினால்தான் தலைக்குள் ஒழுங்காக நிற்கும்.

நேற்று தும்ரைத் ஊர் வரைக்கும் வெயில். மலை ஏறினோம், ஒரு திருப்பத்தில் எல்லாம் வெள்ளை. தூறல், பனி, பச்சைப் புல். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடச் சரியாகத் தெரியவில்லை. எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். இறக்கத்தில் ஒரு டீக்கடையில் கூடினோம். முன்திரைத் தவிர எல்லாரும் வந்தாகிவிட்டது.

அண்ணன் பாதி டீயில் கிளாஸை வைத்தான். "அந்த ஆமை பனியில நடுங்கிட்டு வரும். போய்ப் பின்னாலேருந்து ஒரு ஹாரன் அடிச்சு வெரட்டிட்டு வரேன்."

"வேண்டாண்ணே, ரோடு வழுக்குது" என்றான் ஹிலால்.

"உங்கக்கா புருஷன் கால்சட்டையை நனைக்கிறதை நீ பார்க்க வேண்டாமா?"

நான் என்ன சொன்னேன்? "வீடியோ எடுத்துட்டு வா" என்றேன். அதைத்தான் சொன்னேன்.

மேலே போனான். சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நாங்கள் இன்னொரு டீ வாங்கினோம்.

ஒட்டகம் பனிக்குள் நடுரோட்டில் நின்றிருக்கிறது. மோதி, வண்டி ஒரு பக்கம், அவன் சரிவில் ஒரு பக்கம். முன்திர் ஊர்ந்து வந்ததால் செத்துக் கிடந்த ஒட்டகத்தில் மோதாமல் நின்றிருக்கிறார். புல்லுக்குள் ஒரு ஹெட்லைட் எரிவது தெரிந்திருக்கிறது. இறங்கிப் போயிருக்கிறார்.

போனில் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார். பனியில் ஆம்புலன்ஸ் வழி தடுமாறி வந்திருக்கிறது. நாங்கள் சைரன் கேட்டுத்தான் மேலே ஓடினோம். அவர் சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அண்ணனின் தலையைப் பிடித்தபடி இருந்தார். வந்தவர்கள் பலகையில் கட்டி முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது விரல்கள் விரியவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. டாக்டரம்மா சூடான்காரர். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். முதுகெலும்பு உடைந்து, கால் இரண்டும் இனி அசையாது. கழுத்திலும் எலும்பு விலகியிருந்தது. "அதை அசையாமப் பிடிச்சிருந்தது யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

"அவர் தூக்க முயற்சி பண்ணியிருந்தாலோ, விட்டுட்டு ஓடியிருந்தாலோ கையும் போயிருக்கும். மூச்சும் போயிருக்கும். அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கால் போனதைச் சொல்லவே நாக்கு வரவில்லை. அதில் பாராட்டு வேறா?

ஜூலை 30, ஞாயிறு

அண்ணன் யாரையும் தொட விடுவதில்லை. நர்ஸைத் திட்டுகிறான். ஹிலாலைப் போடா என்கிறான். முன்திர் போனால் மட்டும் சும்மா கிடக்கிறான். துடைப்பது, புரட்டிப் போடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் அவர்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 19, சனி. நிஸ்வா

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மஜ்லிஸ் கூடம் நிறைய ஆள். காபி ஊற்றி ஊற்றி ஷம்ஸாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அம்மா அண்ணனின் தலைமாட்டில். வந்தவர் ஒவ்வொருவரும் எப்படி நடந்தது என்று கேட்க, அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்: "மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்ட வரல. அவரைத் தேடிப் போய்த்தான் எம்புள்ளை விழுந்தான்."

ஹிலால் தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், தேடியா போனான் என்று.

மாமா, அம்மாவின் தம்பி, கேட்டார்: "அப்ப ஆஸ்பத்திரிக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?"

அண்ணன்தான் கட்டிலிலிருந்து சொன்னான், கூரையைப் பார்த்தபடி: "பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம். உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தான்."

அம்மா முன்திர் பக்கம் திரும்பினாள். "உண்மையா? நேரா கேக்குறேன், சொல்லுங்க. எம்புள்ளை கிடக்கிறப்ப நீங்க உட்கார்ந்திருந்தீங்களா?"

"ஆமா. உட்கார்ந்திருந்தேன்."

"ஏன்?"

முன்திர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேரீச்சம்பழத் தட்டை மாமா பக்கம் நகர்த்தினேன்.

"ஆம்பளையா இருந்தா ஓடியிருப்பான்" என்றாள் அம்மா.

முன்திர் எழுந்து, கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஸலாம் சொல்லிப் போனார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அம்மா வீட்டிலிருந்து என்னைக் கூட்டிப்போக இன்று வந்தார். காரில் திரும்பும்போது, யாரோ எவருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார்.

"அவனுக்கு நினைவு இருந்துச்சு. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டான். போகாத முன்திர், என்னை விட்டுட்டுப் போகாதன்னு அழுதான். சின்னப் புள்ளை மாதிரி. அம்மாவைக் கூப்பிட்டான். அதான் போகல."

"இதை ஏன் அங்க சொல்லல நீங்க?"

"அவன் அழுததை அத்தனை பேர் முன்னாடியா?"

"டாக்டர் சொன்னதையாவது..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன்.

"டாக்டரம்மா எங்கிட்டயும் சொன்னாங்க. உங்கிட்ட முதல்லயே சொல்லிட்டதாவும் சொன்னாங்க." ஓட்டிக்கொண்டே சொன்னார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "நேத்து நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியுமா? அவளுக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. இவர் தாங்குவார். எப்போதும் தாங்குகிறவர்தானே. இதைத்தான் சொன்னேன் அவரிடம். இதே வார்த்தையில்.

"சரி" என்றார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஸலாலா நகராட்சிக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். கிடைத்தும்விட்டது. வேறு எந்த ஊரும் கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

"வர்றியா?" என்று கேட்டார்.

"அண்ணனை யார் பார்த்துக்குவா?"

"ஹிலால் இருக்கான், ஷம்ஸா இருக்கா, அத்தை இருக்காங்க. நான் உன்னைக் கேக்குறேன்."

அம்மாவிடம் சொன்னேன். "போகட்டும் விடு, ரெண்டு மாசத்துல ஓடி வருவான்" என்றாள். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கெஞ்சட்டும் என்றுதான்.

செப்டம்பர் 14, வியாழன்

கெஞ்சவில்லை. கறுப்பு வண்டியில், முதுகில் ஒரு பையோடு, தனியாகப் போனார். தெரு முனையில் சாய்க்காமல் திரும்பினார்.

டிசம்பர் 5, செவ்வாய்

கோர்ட்டில் முடிந்தது. ஒரே ஒரு தலாக். குரலை உயர்த்தவில்லை. வெளியே வந்து, வீட்டில் இருக்கும் சாமான் எல்லாம் எனக்கே என்றார். "உடம்பைப் பார்த்துக்க" என்றார். அம்மா காரிலிருந்து இறங்கவே இல்லை.

2024 மார்ச் 8, வெள்ளி

தலாக்குக்குப் பிறகான மூன்று மாத இத்தா முடிந்தது. அதற்குள் திரும்பச் சேர்ந்துகொள்ளக் கூப்பிடுவார் என்று நினைத்திருந்தேன். போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 26, வெள்ளி. ஸலாலா

வந்திருக்க வேண்டாம். அண்ணன் பிடிவாதம் பிடித்தான், ஸலாலாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று. ஹிலாலும் கூட்டாளிகளும் வண்டியில் வந்தார்கள். நான் கார் ஓட்டினேன், அண்ணன் முன் சீட்டில், பெல்ட்டுக்கு மேல் ஒரு துணியும் கட்டி. அந்த இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

மலைமேல் புல்வெளியில் கூடாரம் போட்டோம். தூறிக்கொண்டே இருந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முன்திர் இறங்கினார். இன்னொரு கதவிலிருந்து ஒரு பெண், கையில் பெரிய சட்டி. அவர் நேராக அண்ணனிடம் போய், குனிந்து, நெற்றியில் முத்தமிட்டார். அண்ணன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹிலாலிடம் கேட்டேன், யார் கூப்பிட்டது என்று. "அண்ணன்தான். வெள்ளிக்கிழமை தவறாம ரெண்டு பேரும் போன்ல பேசுவாங்களே" என்றான். எனக்குத் தெரியாது என்பதே அவனுக்குத் தெரியாது.

முன்திரும் அந்தப் பெண்ணும் தண்ணீர் கொண்டுவரப் போன நேரம் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு மஜ்லிஸ்ல சொன்னதுக்கு..."

"ரமலான்லயே மன்னிப்புக் கேட்டாச்சு. அழுதே கேட்டேன்."

"அம்மாகிட்ட?"

"அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். பெட்ரோல் விஷயமும் சொன்னேன். அம்மா அவனுக்குப் போன் போட்டுப் பேசினாங்க."

"எங்கிட்ட யாரும் சொல்லலயே."

"உங்கிட்ட எதுக்கு?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உனக்குத்தான் எல்லாம் முதல்லேருந்தே தெரியுமே."

அந்தப் பெண் பேர் துஃபூல், அவருடைய புது மனைவி. இந்த மலைக்காரிதான். சூட்டுக்கல்லில் வாட்டிய இறைச்சியும் சோறும். அண்ணனுக்கு எலும்பெடுத்துக் கொடுத்தாள். என் தட்டில் தானே இரண்டு தரம் போட்டாள். "நல்லா சாப்பிடுங்க, வழியெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள். கெட்டவள் என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. தேடினேன்.

கிளம்பும்போது முன்திர் எனக்கும் ஸலாம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசும்போது ஆண்கள் பார்ப்பது போல, கண்ணைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு.

"பனியில ஓட்டுறது சிரமமா இருந்திருக்குமே. வழி சுகமா இருந்துச்சா, சகோதரி?"

"இருந்தது" என்றேன்.

சட்டியைக் கழுவி, துடைத்து, அவளிடம் கொடுத்தேன்.