மூன்றாவது பெட்டிக்கு ஓர் இட்லி

அக்கா,

இன்று காலை கிளினிக்கிற்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். மேசையில் கை வைத்தபோது நகக்கண்களில் மத்தாப்பு மருந்தின் சாம்பல் நிறம். எவ்வளவு தேய்த்தாலும் சீசன் முடியும்வரை போகாத அந்த நிறத்தை நான் முதலில் கவனித்தது உங்கள் கையில்தான். அவர் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை.

விருதுநகரில் எங்கள் கிளினிக்கிற்கு நீங்கள் வந்தது நாற்பத்து நான்கு வயதில், மகளோடு. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். அன்றாட வாழ்க்கையை உங்கள் மூளைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள உதவுமாறு என்னிடம் அனுப்பினார். அதுதான் என் வேலை. மகள் அழுதாள். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அப்ப இது வீம்பு இல்லையா?"

வீட்டிலும் நீங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியிலும் உங்களுக்கு அதுதான் பெயர். டீ நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசிச் சிரித்துச் சாப்பிடும் சத்தம் உங்களால் தாங்க முடியாதது. தள்ளிப் போய் நிற்பீர்கள். பசி என்று ஒன்று வருவதே உங்களுக்குத் தெரியாது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மதியம்வரை வெறும் வயிற்றோடு இருந்து இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தீர்கள். பட்டாசுக் கம்பெனியில் கையில் பெட்டியோடு ஒருவர் விழுவது சின்ன விஷயமில்லை. இன்னொரு தரம் விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று போர்மேன் சொல்லிவிட்டார். அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தது. பெட்டிகளை ஓரம் பிசகாமல் அடுக்கலாம், யாரிடமும் பேசவேண்டியதில்லை என்றீர்கள்.

நான் பெருமையாக ஒரு திட்டம் போட்டேன். பத்தரைக்கும் மூன்றரைக்கும் உங்கள் போனில் மணி வைத்துக் கொடுத்தேன். மணி கேட்டதும் தனியாகப் போய் ஓர் இட்லி சாப்பிட வேண்டும். தலையாட்டினீர்கள். பதினான்காம் நாள் மறுபடியும் விழுந்தீர்கள். ஆர்டர் நெருக்கடியாக இருந்ததால் போர்மேன் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னதோடு விட்டார். 'திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை, பிடிவாதம்' என்று உங்கள் பைலில் எழுதிவிட்டுத்தான் உங்களை உள்ளே கூப்பிட்டேன்.

மணி கேட்கவே இல்லை என்றீர்கள். போன் எங்கே இருந்தது என்றேன். கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றீர்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகாது என்பது இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சாத்தூரில் பிறந்த எனக்கு உறைக்கவில்லை. அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன்.

"நீங்களும் இங்கனக்குள்ள பொறந்தவுகதான, ஒங்களுக்குத் தெரியாதா? வேற ஏதோ மணி ஏற்பாடு பண்ணியிருக்கீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பதினான்கு நாட்கள் காத்திருந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து என்ன செய்வீர்கள்? ஒன்று விடாமல் சொன்னீர்கள். பெட்டி நிறைந்தால் குடோனுக்குக் கொண்டுபோய் வைப்பது, திரும்பி வந்து அறைக்குள் கால் வைக்குமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவது. உடம்பில் இருக்கும் மின்சாரம் தரையில் இறங்குவதற்காக அது. தகட்டைத் தொடுவது மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை என்றீர்கள். ஆகவே, தொடுவதற்கு முன் இரண்டு வாய் தண்ணீர், மூன்றாவது பெட்டி முடிந்தால் வேப்பமரத்தடியில் ஓர் இட்லி. அது நீங்கள் சொன்ன திட்டம். நான் செய்ததெல்லாம் அச்சங்குளத்தில் உங்கள் கம்பெனிக்கு வந்து, என் போனையும் கேட்டில் கொடுத்துவிட்டு, போர்மேனிடம் பேசியதுதான். அதன் பிறகு மூன்று வருடம் நீங்கள் விழவில்லை.

அன்று கிளினிக்கில் பேசி முடித்து எழுந்திருக்கும்போது பைலை உங்கள் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தீர்கள். உங்கள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"இது நெசமில்லையே மேடம். அழிச்சிருங்க."

"அழிச்சிர்றேன்க்கா" என்றேன்.

அழிக்கவில்லை. அழித்தால் ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும், மாதாமாதம் டாக்டர் பார்ப்பார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நீங்கள் மறுபடி கேட்கவே இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். துட்டி கேட்க உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். போர்மேனும் வந்து ஓர் ஓரமாக நின்றிருந்தார். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்வீர்கள் என்றாள்.

"என்னயப் பிடிவாதம்னு சொன்னவுக எம்புட்டோ பேரு, சொன்னத அழிச்சது அந்த மேடம் ஒருத்திதான்னு அம்மா சொல்லும்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் கிளினிக் திறந்ததும் முதல் வேலையாக அந்த வரியின் குறுக்கே கோடு இழுத்தேன். 'போன் உள்ளே போகாது. நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இவர் ஒத்துழைத்தார்' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இப்போது யார் வந்தாலும் அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன். நல்ல பழக்கம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. நீங்கள் ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மூன்று வருடமும் அந்த வரி அப்படியேதான் இருந்தது.