இதை அணைக்கக் கூடாது

தம்பி,

உன் நோட்டுப் புத்தகத்தை விரித்தால் இன்னும் இறால் தீவன வாடை அடிக்கிறது. "இன்னாப்பா இது, மீன் மார்க்கெட்டு மாதிரி கீது, வெளிய வெச்சுப் படி" என்று என் மகள் விரட்டிவிட்டாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தேன்.

படித்தேன் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. உனக்குத் தெரிந்த அண்ணாத்தைக்கு எழுத்து என்றால் எறும்பு வரிசை. எழுபது வயது தாண்டித்தான் கற்றுக்கொண்டேன். 'ழ' வந்தால் கை இன்னும் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இந்த மடலை நாலு நாளாக எழுதுகிறேன். பரவாயில்லை, நீ அவசரப்பட மாட்டாய்.

நீ போய்ச் சேர்ந்த செய்தி வந்த நாளிலிருந்து, அதற்கு முன்பிருந்தே கூட, எனக்குள் ஒரு பாரம் இருந்தது. உன் வேலை போனதற்கு நான்தான் காரணம் என்பது அந்தப் பாரம். யாரிடமும் சொன்னதில்லை. அது போன வாரம் இறங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த அந்த இறால் ஹேச்சரியை நீ மறந்திருக்க மாட்டாய். கடல் தண்ணீரைக் குழாயில் இழுத்து, தொட்டியில் நிரப்பி, இறால் குஞ்சு பொரிக்க வைத்து ஆந்திராவுக்கு அனுப்பும் இடம். நான் அங்கே ஆபீஸ் உதவியாள். அறையைத் திறப்பது, பெருக்குவது, டீ போடுவது. எந்தத் தொட்டியில் என்றைக்கு முட்டை விட்டது, தண்ணீரில் உப்பு எவ்வளவு, குஞ்சு எந்தப் பண்ணைக்குப் போனது என்ற விவரம் எல்லாம் பின்னறையில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. அதைச் சர்வர் என்பீர்கள். அது கெட்டால் பார்க்க ஹேச்சரியில் ஆள் கிடையாது. முதலாளி அந்த வேலையைக் கூடுவாஞ்சேரியில் இருந்த உங்கள் கம்பெனிக்கு விட்டிருந்தார். நீ மாதம் இரண்டு முறை பஸ் பிடித்து வருவாய்.

உங்கள் ஒரு கம்பெனியே முப்பது முதலாளிகளின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறது என்று நீ சொன்னபோது நான் கேட்டேன்: "வேடந்தாங்கல் பக்கம் எங்க ஊர்ல ஒரே மெக்கானிக்கு நாலு ஊரு பம்புசெட்ட பாப்பான். அது மாதிரியா தம்பி?"

"அதேதான் அண்ணாத்த. அவன் சேத்துல எறங்குவான். நான் உக்காந்த எடத்துலருந்தே எறங்குவேன்."

அது எப்படி என்று ஒரு நாள் தெரிந்துபோயிற்று. ஆபீசில் யாரும் இல்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரையில் அந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது, தானாக ஒன்றைத் திறந்தது. துணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அதற்குள் போன் அடித்தது. நீதான். "அண்ணாத்த, நான்தான், கூடுவாஞ்சேரிலருந்து வேலை பாத்துகினு கீறேன். கேமராவுல பாத்தேன், இன்னா ஓட்டம் ஓடுற!" அடுத்த முறை வந்தபோது மானேஜர் முன்னாலேயே என் ஓட்டத்தை ஓடிக் காட்டினாய். நானும் சிரித்தேன்.

உப்புக் காற்று அந்தப் பெட்டியை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது. நீ திறந்து காட்டுவாய், கம்பியெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கும். இனி எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிடப் போகிறோம் என்றாய். கிளவுட் என்றால் மேகம் என்றாய்.

"மேகத்துல ஏத்துனா மழையா பெஞ்சு கீழ வந்துடாதா?"

"மேகம்ன்றது சும்மா பேரு அண்ணாத்த. எங்கியோ ஒரு பெரிய கட்டடத்துல ஆயிரம் பொட்டி வெச்சிருப்பான். அதுல ஒரு மூலையில நம்ம விவரம் இருக்கும். இங்க புயலே வந்தாலும் அங்க ஒண்ணும் ஆவாது."

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்பு வந்து மேகத்தில் ஏற்றும் வேலையை ஆரம்பித்தாய். லைன் மெதுவானது, ஏறி முடிக்க நாளாகும் என்றாய். ஒரு வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் பெரிதாக எழுதிப் பெட்டி மேல் ஒட்டினாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பாத்துக்க அண்ணாத்த, எழுதி ஒட்டிட்டேன்" என்றாய். "சரி தம்பி" என்றேன்.

அந்த 'சரி'தான் நான் செய்த தப்பு. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. பேப்பர் வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படம் பார்ப்பேன். மானேஜர் யாரையாவது திட்டினால் முதல் வார்த்தையே 'கைநாட்டு' என்றுதான் வரும். அந்த வார்த்தை என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று ஒளிந்தே காலம் ஓட்டினேன்.

பூஜை அன்று காலையில் எல்லா மிஷினையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். தண்ணீர் இழுக்கும் மோட்டாரை நிறுத்தி ஓய்வு கொடுத்தோம். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டாரை மட்டும் நிறுத்தக் கூடாது, நின்றால் குஞ்செல்லாம் செத்துப்போகும். அதற்கு ஓடஓடவே பொட்டு வைத்தேன். அது எனக்குத் தெரியும். பின்னறைக்குப் போனேன். உன் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஓய்வெடுக்கும் நாளில் இது மட்டும் பாவம் என்று தோன்றியது. பூஜைக்காக நீயே ஏதோ சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறாய் என்றும் நினைத்தேன். அந்தத் தாளின் நடுவிலேயே சந்தனத்தை வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். பிறகு சுவிட்சை அணைத்தேன்.

விஜயதசமி முடிந்து நீ வந்தாய். வாசற்படியிலேயே நின்றுவிட்டாய்.

"யாரு அண்ணாத்த பொட்டு வெச்சது?"

"நான்தான். நல்லா கீதா?"

"சூப்பரா கீது. சுச்சு?"

"ஓடிக்கினே கெடந்துது தம்பி, பாவமா இருந்துது. அணைச்சு வெச்சேன்."

நீ தாளைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அதற்குள் மானேஜர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, சர்வரு நின்னு கீது?" என்றார். "கரண்ட்டு போயிருக்கு சார். யு.பி.எஸ். தாங்கல" என்று நீ கண் இமைக்காமல் சொன்னாய். அவர் போன பிறகு உன் பக்கத்தில் வந்தேன். "தப்பு பண்ணிட்டேனா? இதுக்குள்ளயும் குஞ்சு மாதிரி எதாவது கீதா?" என்றேன். "ஒண்ணும் ஆவல அண்ணாத்த. வுடு. போய் டீ போடு" என்றாய்.

நான் எப்படி நம்புவேன்? அதே வாயால் இப்போதுதான் மானேஜரிடம் பொய் சொன்னாய். அவருக்குச் சொன்னது எனக்காகச் சொன்ன பொய் என்றால், எனக்குச் சொன்னதும் எனக்காகச் சொன்ன பொய்தானே?

அதற்கப்புறமும் சில முறை வந்தாய். ஒரு புதுப் பழக்கம் உனக்கு வந்திருந்தது. செய்த வேலையைக் குறித்து ஹேச்சரியிலேயே வைத்துவிட்டுப் போகும் நோட்டில் எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாய். எதை ஒட்டினாலும் இரண்டு முறை சத்தமாகப் படித்தாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என்ன இது என்று நான் கேலி செய்தேன். நீ அடுத்த வரியையும் சத்தமாகவே படித்தாய்.

மகள் பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் லீவில் போய் வந்தேன். பின்னறையில் பெட்டி இல்லை. அங்கே தீவன மூட்டை அடுக்கியிருந்தார்கள். "தம்பி எப்ப சார் வருவாரு?" என்று மானேஜரிடம் கேட்டேன். "அவுரு இன்மே வரமாட்டாரு. தேவையில்ல" என்றார். தேவையில்லை என்று துரத்திவிட்டார்கள், என் சுவிட்சால்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பழைய பேப்பரோடு கட்டி வைத்திருந்த உன் நோட்டை, உன் கையெழுத்தாவது இருக்கட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு முறை ஆபீசுக்குப் போன் செய்து என்னைக் கேட்டாய். உன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இல்லை என்று சொல்லச் சொன்னேன். அடுத்த வருடம், மாரடைப்பில் நீ போய்விட்டாய் என்று மானேஜர் சொன்னார். உன் வீட்டுக்கு வரவும் எனக்கு முகம் இல்லை.

வேலையை விட்டுச் செங்கல்பட்டில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். தெருக்கோடிப் பள்ளியில் மாலையில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள் என்று மகள் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். சேர்ந்து ஒன்பதாவது மாதம், கூட்டெழுத்தைக் கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், உன் நோட்டைத் திறந்தேன். நடுவில், பெட்டியிலிருந்து உரித்த அந்தத் தாளை நீ ஒட்டி வைத்திருந்தாய். குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது. வகுப்புக்கு எடுத்துப் போய் விரல் வைத்துப் படித்தேன். இ, தை. அ, ணை, க், க, க். கூ, டா, து.

பக்கத்தில் உட்காரும் பூக்கார அம்மா விடுவாளா? "இன்னா பெருசு, யாரை அணைக்கக் கூடாதாம்? இந்த வயசுல உனக்கு யாரு எழுதி குத்தது?" வகுப்பே சிரித்தது, டீச்சரம்மாவும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். இவ்வளவு பெரிய எழுத்தில் சொல்லியிருந்தும் அணைத்திருக்கிறேனே என்று இருந்தது.

மறுநாள் காலை, எதுவானாலும் சரி என்று மாடிக்குப் போய் அடுத்த பக்கத்தைப் படித்தேன். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. ஹேச்சரி ஆட்களுக்குப் புரியட்டும் என்று நீ தமிழில் எழுதியது எனக்காகவே எழுதியது போல இருந்தது. இதுதான் அது:

"கிளவுட் காப்பி பூஜைக்கு முதல் நாள் மாலையே முடிந்துவிட்டது. கூடுவாஞ்சேரியிலிருந்து பார்த்து உறுதி செய்துவிட்டேன். இன்று பெட்டி அணைந்திருந்தது. பாதிப்பு இல்லை. தாளில் எழுதி ஒட்டியது என் தவறு. வாயால் சொல்லியிருக்க வேண்டும்."

தம்பி, கடைசி இரண்டு வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் ஒளித்து வைத்ததை நீ ஒரே பார்வையில் கண்டுபிடித்திருக்கிறாய். கண்டுபிடித்ததை எனக்குக்கூடக் காட்டிக்கொள்ளாமல், எனக்காக வாய்விட்டுப் படித்திருக்கிறாய். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன்.

கடைசிப் பக்கம், நான் லீவில் இருந்தபோது எழுதியது: "சர்வர் அகற்றப்பட்டது. இனி எல்லாம் கிளவுடில். நேரில் வர வேண்டிய வேலை இல்லை, அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்வோம்." தேவையில்லை என்று மானேஜர் சொன்னது இதைத்தான். உன் வேலையை நீயே முடித்து, பஸ் ஏறி வரும் பாட்டை மிச்சம் செய்துகொண்டாய். நான்தான் உன்னைத் துரத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னட்டையில் 'அவசரத்துக்கு' என்று போட்டு உன் வீட்டு விலாசம் இருந்தது. போன வியாழன் மின்சார ரயில் ஏறிக் கூடுவாஞ்சேரி போனேன். ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் படித்துக்கொண்டே போனேன். உன் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தாள். ஹேச்சரி என்று ஆரம்பித்ததுமே, "அய்ய, சர்வருக்குப் பொட்டு வெச்ச அண்ணாத்த நீங்கதானா?" என்றாள்.

உன் வேலையைப் பற்றிக் கேட்டேன். "கடைசி வரைக்கும் அதே கம்பெனிதான். உங்க ஹேச்சரியையும் அவர்தான் பாத்துகினு இருந்தாரு" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. போன் விஷயத்தை மறைக்கக் கூடாது என்று சொன்னேன். நான் அங்கேதான் இருந்தேன், இல்லை என்று சொல்லச் சொன்னேன் என்றேன்.

"அது அவருக்குத் தெரியுமே!" என்று அவள் சிரித்தாள். "'தோட்டத்துல கீறேன்னு சொல்லு'ன்னு பின்னால நீங்க கத்துனது போன்ல கேட்டுதாம். 'நல்லா பொய் சொல்லவும் தெரியல அண்ணாத்தைக்கு'ன்னு அன்னைக்கெல்லாம் சிரிச்சுகினே இருந்தாரு. உங்க பேரப்புள்ள எப்படி கீதுன்னு கேக்கத்தான் பண்ணாராம்."

பேரப்பிள்ளை நன்றாக இருக்கிறான், தம்பி. ஒன்றாம் வகுப்பு போகிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாடம். நீ கேட்டதற்குப் பதிலை இப்போதுதான் சொல்ல முடிகிறது. அன்று போனை வாங்கிப் பேசாத அந்த ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும், உறுத்தட்டும். மற்றதெல்லாம் இறங்கிவிட்டது. உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இப்போது 'அண்ணாத்த' என்று கூப்பிடும் அந்தக் குரலை மட்டும்தான், அது கனக்கவில்லை.

உன் வீட்டுக்காரம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது, காற்று அடித்தது. கண் விழித்தபோது ரயில் செங்கல்பட்டைத் தாண்டிக் காஞ்சிபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அடுத்து நின்ற இடத்தில் அவசரமாக இறங்கிப் பலகையைப் பார்த்தேன். பா, லூ, ர். கொய்யாப்பழக் கூடையோடு இருந்த ஓர் அம்மா, "இன்னா பெரியவரே, தூங்கிட்டியா?" என்றாள்.

"ஆமாம்மா, நல்லா தூங்கிட்டேன்" என்றேன். ஒரு கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு, திரும்பும் வண்டி வரட்டும் என்று அந்தப் பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்தேன்.