ஐந்தாம் ஸ்லைடு

1962 டிசம்பர் 14, வெள்ளி

டாக்டர்களின் வருடாந்திர மாநாட்டில் ரத்த அணுக்களை எண்ணிக் காட்டுவது எங்கள் லேபின் பொறுப்பு. நோயாளிகளின் ஸ்லைடுகளோடு, ஒப்பிட்டுப் பார்க்க எங்களில் ஒருவர் வீட்டுக் குழந்தையின் நல்ல ரத்தத்தையும் வைப்பது வழக்கம். இம்முறை என் செல்வியினுடையது. பெயர் இல்லை, ஐந்து என்ற எண் மட்டும். நல்ல ரத்தம்தானே என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

கோபியிலிருந்து வந்த வயதான டாக்டர் ஐந்தாம் ஸ்லைடை விட்டு நகரவே இல்லை. மூன்று தடவை எண்ணினார்.

"ஏனுங்க அம்மணி, இந்தக் கொழந்தையோட அம்மாகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க" என்றேன், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்ததும் செல்வி விரலை நீட்டினாள். "ஊதி உடுங்கம்மா."

ஊசி குத்தியது நேற்றுக் காலை. பஞ்சை எத்தனை முறை மாற்றினாலும் சிவப்பாகவே வருகிறது.