முப்பதாவது டின்

ஈப்போ
12-3-1974

அன்புத் தங்கை நவமணிக்கு,

இங்கே நலம். மாப்பிள்ளை பிச்சைமுத்துவும் மருமகன் சீனியும் சுகமா?

தைப்பிங் பஸ் டிரைவர் கார்த்திகேசுவிடம் ஒரு ரொட்டி டின் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சீனி ஆசையாகத் திறந்து ஏமாறப் போகிறான். உள்ளே இருப்பது நெகடிவ். போன வருடம் ஸ்டூடியோவுக்குள் வெள்ளம் புகுந்து எட்டு வருடப் படங்கள் சேறாகிப் போனதை நீயும் பார்த்தாய். போன வாரம் தோட்டத்திலிருந்து ராக்காயி வந்தாள். புருஷன் செத்துப் பத்து நாள். கல்யாணத்தன்று நான் எடுத்ததுதான் அவனுக்கு இருந்த ஒரே படம், மறுபடி அச்சுப் போட்டுத் தாருங்கள் என்றாள். இல்லை என்றேன். "நல்லாத் தேடிப் பாருங்கண்ணே, ஏதாச்சும் மூலையில கெடக்கும்" என்று சாயங்காலம் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இனி யாரை எடுத்தாலும் இரண்டு முறை எடுப்பேன். ஒன்று என்னிடம், இன்னொன்று உன்னிடம். மூன்று மாதத்துக்கு ஒரு டின் வரும். எதுவும் ஒரே இடத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது, தாயி. டின்னுக்குள் இருக்கும் நீலக் குருணை ஈரத்தை உறிஞ்சும். அது ரோஸாக மாறினால் சட்டியில் போட்டுச் சூடு காட்டு, திரும்பவும் நீலமாகிவிடும்.

உன் அண்ணன்
சதாசிவம்


தைப்பிங்
2-4-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

டின் வந்து சேர்ந்தது. பத்திரமாக வைக்க வேண்டியதை, வருடம் முழுக்க மழை கொட்டுகிற ஊராகத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறீர்களே, உங்கள் மூளைக்கு என்ன சொல்வது! குருணையைச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினால் இவர் பொரி என்று நினைத்து வாயில் போடப் போனார். கையைத் தட்டிவிட்டேன்.

சீனி ஒரு நெகடிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்து, "அம்மா, எல்லாருக்கும் தலை நரைச்சிருக்குலா!" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறான். நீங்கள் டின்னை மட்டும் அனுப்பாமல் டின்னோடு நீங்களும் வந்தால் என்ன? வந்து ஒரு வருடம் ஆகிறது.

அன்புத் தங்கை
நவமணி


தைப்பிங்
19-6-1979

சதாசிவம் அவர்களுக்கு,

என் புருஷன் போன செய்தி சனிக்கிழமை காலையிலேயே தந்தியில் உங்களுக்குக் கிடைத்தது. நீங்கள் வந்தது ஞாயிறு சாயங்காலம், தோளில் காமிராவோடு. நடுவில் யாரோ ஒருவர் வீட்டு முகூர்த்தம். பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டுமே என்று மூன்று மணி வரை பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு ஜொஹரா பீவி ஓடிப்போய் வாங்கிவந்த சேலைதான் என் மேல் விழுந்தது.

இனி இங்கே டின் அனுப்ப வேண்டாம். வந்தால் அதே பஸ்ஸில் திரும்பும். ஏற்கெனவே இருக்கிற இருபத்தொன்றை நான் எறிய மாட்டேன். அதில் இருப்பவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

நவமணி


ஈப்போ
27-6-1979

நவமணி,

நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே ஒத்துக்கொண்ட கல்யாணம், தாலி கட்டியதும் ஓடி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஊரில் உள்ளவர்களை எல்லாம் எடுத்தேன், உன் பக்கத்தில் நிற்கவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

ஆனால் டின் அனுப்புவதை நான் நிறுத்த மாட்டேன். நிறுத்திய நாளோடு உன்னிடம் இருப்பது பழசாகிவிடும், அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ராக்காயியின் கதிதான். கோபம் தீரும் வரைக்கும் திருப்பி அனுப்பு. நான் மறுபடி அனுப்புவேன்.

சதாசிவம்


தைப்பிங்
20-3-1980

சதாசிவம் அவர்களுக்கு,

மார்ச் மாத டின்னும் திரும்பி வருகிறது. மூடியைக்கூடத் தொடவில்லை.

சீனிக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருப்பதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மாமா வீட்டு வாசலை மிதித்தால் எனக்கு நீ பிள்ளை இல்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். நீங்களாகப் போய் உறவு கொண்டாட வேண்டாம்.

நவமணி


ஈப்போ
8-12-1981

நவமணி,

ஜூனில் அனுப்பிய முப்பதாவது டின் மட்டும் திரும்பி வரவில்லை. நீ திறந்துவிட்டாய் என்று நம்பி மூன்று மாதம் உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுக் கார்த்திகேசுவைக் கேட்கச் சொன்னேன். அப்படி ஒரு டின் வரவே இல்லை என்றாயாம். பஸ்ஸில்தான் தொலைந்திருக்கும்.

இந்த டின்னையாவது ஒரு தடவை திற, தாயி. எனக்காக வேண்டாம். திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு. அதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

சதாசிவம்


ஈப்போ
20-12-1982

நவமணி,

பக்கத்துக் கடையில் பிடித்த தீ எங்கள் மாடிக்கும் ஏறிவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை, கையில் கொஞ்சம் காயம். காமிரா, நெகடிவ் எல்லாம் போயிற்று. உன்னிடமிருந்து திரும்பி வந்த டின்களும் அதே அலமாரியில்தான் இருந்தன. வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. உலகத்துக்கெல்லாம் புத்தி சொன்னவன் இரண்டு பிரதியையும் ஒரே அலமாரியில் வைத்தேன்.

உன்னிடம் இருக்கும் இருபத்தொன்றுதான் இனி மிச்சம். அவை அங்கேயே இருக்கட்டும்.

சதாசிவம்


தைப்பிங்
3-3-1983

அண்ணனுக்கு,

சீனியின் காரியத்தன்று கடைசி வரிசையில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். கோலகங்சார் சாலையில் லோரி வந்த வேகத்துக்கு அவன் மோட்டாரில் ஒரு துண்டுகூட முழுசாக இல்லை என்றார்கள். பிள்ளையின் முகத்தையும் எனக்குக் காட்டவில்லை.

படம் மாட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பதினேழு வயதில் எடுத்ததுதான் இருக்கிறது, கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு பயந்துபோய் நிற்கிறான். அடையாளக் கார்டைச் சாவு பதியும் ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். அவன் அறையில் தேடியும் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தானே, அண்ணே. என் பேச்சை மீறி ஒரு நாளாவது உங்களிடம் வந்தானா? ஒன்றே ஒன்று எடுத்தீர்களா? எடுத்திருந்தால், அது எங்காவது தப்பியிருக்குமா?

நவமணி


ஈப்போ
11-3-1983

அன்புத் தங்கைக்கு,

சீனி இங்கே வரவே இல்லை, அம்மா. உன் சொல்லைத் தட்டாத பிள்ளை. ஒரு தரம் பாசாரில் தூரத்திலிருந்து பார்த்தேன், அவ்வளவுதான். நன்றாக இருந்தான். சிரிக்கும்போது நம் அப்பாவைப் போலத் தலையை இடப்பக்கம் சாய்ப்பான். படம் ஒன்றும் எடுக்கவில்லை. அதை நினைத்து நீ வருந்தாதே.

நான் இப்போது வேறொரு ஸ்டூடியோவுக்குக் கல்யாணம் எடுத்துக் கொடுக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
சதாசிவம்


தைப்பிங்
20-4-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று ஜொஹரா பீவி வீடு மாறினாள். பரணைக் காலி செய்யும்போது ஒரு ரொட்டி டின்னைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, கார்த்திகேசுக்குப் பதிலா வந்த டிரைவரு எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. சுத்தமா மறந்துட்டேன்லா" என்றாள். மூடியில் உங்கள் கையெழுத்தில் முப்பது.

பழக்கதோஷம், பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து திறந்தேன். குருணை ரோஸாகக் கிடந்தது. மேலாகவே மூன்று உறைகள். சீனி, ஏப்ரல் ஞாயிறு. சீனி, மே ஞாயிறு. சீனி, ஜூன் ஞாயிறு. ஏப்ரலும் மேயும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டன. ஜூனை ஜன்னலில் பிடித்தேன். உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் சாய்த்துச் சிரிக்கிறான். பல்லெல்லாம் கறுப்பு. தலைமுடி முழுக்க வெள்ளை. என் பிள்ளை கிழவனாகியிருந்தால் எப்படி இருப்பான் என்று பார்த்துவிட்டேன், அண்ணே.

நீங்கள் ஏன் பொய் எழுதினீர்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. மற்ற டின்களிலும் அவன் இருந்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என் பிள்ளை வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கிறான், நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தீயில் போகட்டும் என்று நானே பஸ் ஏற்றிவிட்டேன். எத்தனை தடவை சிரித்தான் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்டிருப்பான், நீங்களும் வாக்குக் கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் ஒரு வரி எழுதியிருக்கலாமே, அண்ணே. ஒரே ஒரு வரி.

குருணையைச் சட்டியில் போட்டுச் சூடு காட்டிவிட்டேன், நீலமாகிவிட்டது. ஜூனை அதோடு வைத்திருக்கிறேன். கொடுத்தால் கொண்டுபோகிறேன் என்று கார்த்திகேசு சொன்னார். இருப்பது இது ஒன்றுதான், பஸ்ஸில் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எந்த முகூர்த்தமாக இருந்தாலும் வாருங்கள்.

தங்கை
நவமணி