குடத்தை அறுத்துச் செய்த சைலன்சர்

காலையில் ஜன்னலைத் திறந்தால் கொட்டிவாக்கத்துக் கடற்காற்றோடு அந்த வாடையும் உள்ளே வருகிறது. ஆயில் கலந்த பெட்ரோல் எரிந்த வாடை. கரையில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் படகு எஞ்சினை முடுக்கிப் பார்க்கிறார்கள். மருமகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறாள். நான் மறுபடி திறக்கிறேன். உங்களை நினைத்து உருகத்தான் திறக்கிறேன் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். உங்களோடு சண்டை போடத் திறக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு காலம் கூடக் குடித்தனம் பண்ணின மனிதரைப் பற்றி நல்லபடியாக எதையாவது நினைக்கலாம் என்றுதான் உட்காருகிறேன். உங்களிடம் நல்லது இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாடை வந்ததும் மனசு நேராக என் அம்மாவின் குடத்தில் போய் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் உங்கள் நல்லதெல்லாம் வாசலோடு சரி.

எழுபதுகளின் தொடக்கம். நாம் ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருந்தோம். சாயங்காலம் ஆற்றுக் காற்று வீட்டுக்குள் வரும். ஊரைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பலகைப் படகை வாங்கி வந்தீர்கள், பின்னால் தொங்கவிடும் எஞ்சினோடு. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் எஞ்சினைத்தான் தொட்டுப் பார்ப்பீர்கள். கல்யாணமாகி வந்த புதுசில் எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

அடையாற்றங்கரைச் சங்கத்தில் பொங்கல் கழிந்ததும் மோட்டார் படகுப் பந்தயம் நடக்கும். வருஷா வருஷம் கோப்பை ஒரே ஆளுக்குத்தான். கப்பலில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிடுவார்கள். அவரிடம் இருந்ததும் உங்கள் எஞ்சின் மாதிரியேதான், அதே கம்பெனி. "ரெண்டும் ஒரே எஞ்சின். அந்தாளு எப்படி முன்னாடி போறாரு?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பீர்கள். உங்கள் படகு கனம், உங்கள் உடம்பும் கனம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "ஹார்ஸ் பவரைக் கூட்டியாகணும்" என்று நீங்களே முடிவு செய்தீர்கள்.

அடுக்களைத் தரையில் என் கோலமாவை எடுத்து நீங்கள் படம் போட்டது ஞாபகம் இருக்கிறது. எஞ்சினுக்குள்ளிருந்து புகை வெளியே ஓடும்போது எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே ஓடிவிடுமாம். புகை போகிற சைலன்சர் குழாய் முதலில் விரிந்து அப்புறம் குறுகினால், குறுகிய இடத்தில் முட்டிய அழுத்தம் திரும்பி வந்து அந்தப் பெட்ரோலை உள்ளே தள்ளுமாம். சரியான நேரத்துக்கு வந்து தள்ளினால் பலம் கூடும், முன்னே பின்னே ஆனால் உள்ளதும் போகும். எல்லாம் குழாயின் நீளத்தில் இருக்கிறது என்றீர்கள். மேலிருந்து கீழே போய்த் தண்ணீருக்குள் புகை விடும் வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டு, எஞ்சினின் விலாவிலிருந்து நேராக வெளியே குழாய் எடுத்தீர்கள். எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று நான் சொன்னதும் நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்களோடு படித்துறையில் வந்து நின்றேன்.

படகின் பின்பக்கத்தைக் கயிற்றால் துறைக் கம்பத்தில் கட்டுவீர்கள். நடுவில் தி.நகரிலிருந்த எங்கள் அப்பாவின் பாத்திரக்கடைத் தொங்கு தராசு. எஞ்சின் இழுக்கிற இழுப்பில் முள் ஏறும். முள்ளைப் படித்துச் சொல்கிற வேலை எனக்கு. குழாயை விரல் அகலம் குறைப்பீர்கள், கூட்டுவீர்கள்.

"ஏறிச்சா?"

"இல்லங்க."

"இப்போ?"

"கொஞ்சம் ஏறியிருக்கு."

ஒரு காலையில் முள் துள்ளிக்கொண்டு போய் நின்றது. இரண்டு கரையும் கேட்கும்படி எஞ்சின் ஒரு மாதிரி கிறீச்சிட்டது. அன்று அந்தக் குழாயை நானும் என் கையால் அளந்து பார்த்தேன். என் முழத்துக்கு எவ்வளவு, அதற்குமேல் எத்தனை விரல் என்று மனசில் இருத்திக்கொண்டேன். பாத்திரக்கடை வீட்டில் வளர்ந்தவளுக்கு அது பழக்கம்.

நீளம் கிடைத்தது. குழாய்தான் நிற்கவில்லை. மந்தைவெளியில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் இரும்புத் தகட்டைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டிக்கொடுத்தார். ஒவ்வொன்றும் அதிர்விலேயே ஒட்டு விட்டது, விடாததை உப்புத் தண்ணீர் தின்றது. "சார், இரும்பு தாங்காது. எவர்சில்வர் இருந்தா எடுத்தாங்க, பார்க்கலாம்" என்று பாய் சொன்னாராம். எங்கே போவீர்கள்? வீட்டில் இருந்தது. என் அடுக்களையில் இருந்தது.

அந்தக் குடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம் எல்லாவற்றிலும் அப்பா தன் பெயரைத்தான் வெட்டச் சொன்னார். கடை வாசலில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பவரிடம் அம்மா அந்த ஒரு சின்னக் குடத்தை மட்டும் தானே கொண்டுபோய் நீட்டி, கழுத்தைச் சுற்றித் தன் பெயரை, சண்முகத்தாய் என்று வெட்டி வாங்கினாள். "பொம்பளை பேரை எவளாவது குடத்துல வெட்டுவாளா?" என்று அப்பா சத்தம் போட்டார். "நான்தானே குடுக்கேன்" என்றாள் அம்மா. அப்பாவை எதிர்த்து அவள் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாதவள். பெயர் எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதையெல்லாம் உங்களிடம் நான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் உம் கொட்டியிருக்கிறீர்கள்.

மார்கழியில் அம்மாவின் வருஷத் திதிக்குத்தான் தி.நகர் போயிருந்தேன். மறுநாள் திரும்பி வந்து நல்ல தண்ணீர் பிடிக்கக் குடத்தைத் தேடினால் இல்லை. அதோடு சோடியாக இருந்த இன்னொன்றும் இல்லை. நீங்கள் வாயெல்லாம் பல்லாக வந்தீர்கள்.

"ரெண்டு குடத்தோட அடியையும் அறுத்து, வயித்தோட வயிறு வெச்சு ஒட்டியாச்சு. நான் தேடின ஷேப்பு அதேதான். விரிஞ்சு, குறுகி, அளவெடுத்த மாதிரி."

"கழுத்து?"

"கழுத்து அகலமா இருந்தது. அதை அறுத்து எடுத்துட்டுத்தான் குழாயைச் சொருகினோம்."

"அந்தக் கழுத்து எங்கங்க?"

"பாய் எங்கயாவது போட்டிருப்பாரு. ஒரு குடத்துக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே? ஜெயிச்சதும் புதுசு வாங்கித் தர்றேன்."

நான் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன். பாய் பழைய இரும்பையெல்லாம் முந்தின நாளே எடைக்குப் போட்டிருந்தார். "உங்க வூட்டுக்காரர் தானே அறுக்கச் சொன்னாரும்மா. பேரு வெட்டியிருந்ததை நான் கேட்டேன். பரவால்லன்னுட்டாரு" என்றார். பாயே கேட்டிருக்கிறார். நீங்கள் பரவாயில்லை என்றிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அடையாறில் கேப்டன் வீடு எல்லோருக்கும் தெரிந்த வீடுதான். வாசலில் நின்று, குழாயின் நீளம், விரிகிற இடம், குறுகுகிற இடம், அடைக்க வேண்டிய வழி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க ஹஸ்பெண்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இதுக்கு உங்களுக்கு என்ன வேணும்மா?"

"நீங்க ஜெயிக்கணும். அவ்வளவுதான்."

அப்பா கடையிலிருந்து பெயர் வெட்டாத இரண்டு குடத்தை நானே எடுத்துக்கொண்டு போய்ப் பாயிடம் கொடுத்தேன். பாய் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா சத்தம் காட்டிக் குடுத்துடும்மா. ரெண்டும் ஒரே மாதிரி கத்தும்" என்றார். கத்தட்டும் என்றேன். கத்த வேண்டும் என்பதுதான் என் ஆசையே.

பந்தயத்தன்று காலை நீலப் புடவை கட்டிக்கொண்டு கரையில் முன்னால் போய் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கையாட்டினீர்கள். கொடி இறங்கியதும் உங்கள் படகுதான் முதலில் பாய்ந்தது. பாலத்தைத் தொட்டுத் திரும்பும் வரை முன்னால் நீங்கள்தான். கரையில் இருந்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் உங்கள் பின்னாலிருந்து அதே கிறீச்சல் இன்னொன்று எழுந்தது. கேப்டன் அதுவரை எஞ்சினை முழுக்க முடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

உங்கள் காது பொல்லாத காது. கேட்டதுமே தெரிந்துவிட்டது. நீங்கள் திரும்பிக் கேப்டனைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தீர்கள். அவ்வளவு கூட்டத்தில் நீலப் புடவையைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள். நான் நகரவில்லை, முகத்தை மறைக்கவில்லை. அந்தப் பார்வைக்குள் உங்கள் கை சுக்கானில் தளர்ந்தது, படகு அகலமாக விலகிப் போனது, கேப்டன் உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டார். என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், என் வாழ்க்கையிலேயே அப்படிக் குளிர்ந்ததில்லை.

கரையேறி வந்தீர்கள். தொப்பலாக நனைந்திருந்தீர்கள். நீங்கள் கத்துவீர்கள், அல்லது முகம் செத்துப்போய் நிற்பீர்கள், அப்போது அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"நீளம் நம்ம நீளமா?"

"ஆமா."

"குடம்?"

"அப்பா கடைக் குடம். பேர் வெட்டாதது."

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "யோவ் கேப்டன், உம்மை ஜெயிக்க வெச்சது என் சம்சாரம்யா" என்று ஊரைக் கூட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் எத்தனை கல்யாண வீடு, எத்தனை பந்தி. "என் பொண்டாட்டி என்னைத் தோக்கடிச்ச கதை தெரியுமா?" என்று நீங்கள் ஆரம்பித்தால் சாம்பார் வாளியோடு வருகிறவர்கூட நின்று கேட்பார். உங்கள் கதையில் குடம் வரும், கேப்டன் வருவார், பாய் வருவார், நீலப் புடவை வரும். சண்முகத்தாய் மட்டும் வரவே மாட்டாள். நான் உங்களைக் குத்தியதை எடுத்து நீங்கள் மார்பில் பதக்கமாகக் குத்திக்கொண்டு அலைந்தீர்கள். அந்த ஆத்திரத்தில் நான் எத்தனை தடவை பந்தியிலிருந்து பாதியில் எழுந்து கை கழுவியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

பையன் பிறந்த வருஷம் ஒரு புதுக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அப்பா கடை வாசலில் பெயர் வெட்டுகிற அதே ஆளைப் பிடித்து, கழுத்தைச் சுற்றிச் சண்முகத்தாய் என்று வெட்டி வாங்கியிருந்தீர்கள். "இப்போ சரியா?" என்றீர்கள். வெட்டு அழகாகத்தான் இருந்தது. அதைக் கொடுத்தவள் அவள் இல்லையே. ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் நான் பிடிக்கவில்லை. பரண்மேல் போட்டேன். வீடு மாறும்போதெல்லாம் அதுவும் வந்தது, காலியாகவே. நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவீர்கள். மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் வரவில்லை, குடத்தை இறக்கு என்றும் நீங்கள் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் நீங்கள் போனபோது ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் நீர்மாலைக்குக் குடம் கேட்டார்கள். உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வர வேண்டும். பையன் பரணைப் பார்த்தான். "அப்பா வாங்கின குடம் இருக்கேம்மா, அதை எடுக்கட்டுமா?" என்றான். கூடாது என்றேன். குளியலறையிலிருந்த பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்து அவன் தோளில் வைத்தேன். உங்கள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை, புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தண்ணீரை உங்கள் தலையில் ஊற்றும்போது, இந்தத் தடவை நான்தான் ஜெயித்தேன், இதைப் பந்தியில் உட்கார்ந்து சொல்லிச் சிரிக்க உங்களால் முடியாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாராவது ஒருத்தராவது சிரிக்க மாட்டார்களா என்று இருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.